தாராளமாகப் போதும்

அலுவலகத்தில் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டுக் கடை வைத்திருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் கெர்னல் எழுதுகிறவள். கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு எதை எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கிற நிரல் ஒன்று இருக்கிறதே, அதுதான் கெர்னல். அது ஒழுங்காக ஓடினால் அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. கொஞ்சம் பிசகினால் அத்தனை பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவளுடைய கம்பெனி ஒரே மெஷினை ஆயிரக்கணக்கான பேருக்குக் கூறுபோட்டுக் கொடுக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் அந்த மெஷின் முழுக்கத் தனக்கே என்று நினைப்பு. நினைத்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்! ஆனால் ஒவ்வொருத்தருக்கும் நெட்வொர்க்குக்குப் போக ஒரு வாசல் வேண்டும். கம்பியும் கிடையாது, துளையும் கிடையாது, வெறும் நினைவகத்தில் கட்டிய வாசல். மெய்நிகர் இன்டர்ஃபேஸ் என்பது அதைத்தான். நூறு இன்டர்ஃபேஸ் என்றால் கெர்னல் அலட்டிக்கொள்ளாமல் சமாளிக்கும். பத்தாயிரம் ஆனால் மூச்சு வாங்கும். ஒன்றைச் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமென்றால் இருப்பது ஒரே ஒரு பெரிய பூட்டு. ஒருத்தர் உள்ளே இருந்தால் மற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும். நாற்பது பேர் இருக்கிற வீட்டில் ஒரே ஒரு குளியலறை இருந்தால் காலையில் என்ன கூத்து நடக்குமோ அந்தக் கூத்துதான் அங்கேயும்.

அந்தக் கூத்துக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் முடிவு கட்டியவள் இவள்தான். நீக்க வேண்டிய இன்டர்ஃபேஸின் எண்ணை ஒரு சீட்டில் குறித்து வரிசையில் போட்டுவிடு. பூட்டை ஒருமுறை திறந்து ஐந்நூறை ஒரே மூச்சில் நீக்கிவிடு. யோசனை அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்துகாட்ட எட்டு மாதம் ஆனது. அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆபரேஷன்ஸ் பிரிவில் இருந்த அவளுடைய அண்ணன், சொந்தத் தங்கை என்றுகூடப் பார்க்காமல் விரலை மடித்து வாயில் வைத்து விசில் அடித்தான். அன்றிலிருந்து அவள் பூட்டக்கா.

அதே அலுவலகத்தில் இன்னொரு பட்டப்பெயரும் உண்டு. மாதம் ஒருமுறை எல்லா மெஷினையும் அணைத்துத் திரும்பக் கிளப்ப வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஒரு விதி. அதற்கு ‘அண்ணன் குளியல்’ என்று பெயர். அவள் பக்கத்தில் இருந்தால் மட்டும் ‘மாதாந்திரம்’ என்பார்கள். அவளுக்குக் காது கேட்காதா என்ன? தெரிந்தும் தெரியாத மாதிரி காபி மெஷின் பக்கம் நகர்ந்துவிடுவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நடந்தது இது. ஏழு மாதமாக அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினில், பிறக்கும்போதே சிக்கிக்கொண்ட ஒரு புது இன்டர்ஃபேஸைக் கையால் நீக்க அண்ணன் உட்கார்ந்தான். நீக்கியும் விட்டான். ஆனால் போனது அது இல்லை, ஐந்தாம் எண் இன்டர்ஃபேஸ். அந்த மெஷினின் மிகப் பழைய வாடிக்கையாளருடையது. ஆம்புலன்ஸுக்கு அழைப்பு வந்து சேர்கிற கூடத்தினுடையது. பத்தொன்பது நிமிஷம் அந்தக் கூடத்துக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. அந்தப் பத்தொன்பது நிமிஷத்துக்குள் ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயின்டர் செத்துப் போனார். அவர் மனைவி கடைசி வரை போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தாளாம்.

அண்ணன் அன்றைக்கே எழுதிக் கொடுத்தான்: ‘நான் 65541 என்றுதான் தட்டினேன். மெஷின் 5ஐ நீக்கிவிட்டது.’ யார் நம்புவார்கள்? கெர்னலின் பதிவில் பளிச்சென்று ‘நீக்கப்பட்டது: 5’ என்று இருந்தது. அந்த நேரத்தில் அண்ணி அவனுக்குப் போன் செய்திருந்தாள். அலமாரிச் சாவி எங்கே என்று கேட்கத்தான். போதாதா? பொண்டாட்டியோடு பேசிக்கொண்டே தட்டியிருக்கிறான் என்று கதை முடிந்தது.

நம்பாதவர்களில் முதல் ஆள் யார் தெரியுமா? இவள்தான். அண்ணன் அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். “நீயாவது பாரு. நான் அஞ்சுன்னு தட்டவே இல்ல” என்றான். அவள் பதிவைத் திறந்து காட்டினாள். “கெர்னல் பொய் சொல்லாதுண்ணா” என்றாள். அதோடு விட்டாளா? இரண்டாவது வாக்குமூலத்தை அவளே உட்கார்ந்து எழுதினாள். கவனக்குறைவால் தவறான எண்ணைத் தட்டிவிட்டேன், முழுப் பொறுப்பும் என்னுடையது என்று. “கையெழுத்துப் போட்டுடுண்ணா. ஒத்துக்கிட்டா இதோட முடிஞ்சிடும்” என்று பேனாவைத் திறந்து நீட்டினாள். முடிந்துதான் போனது, அவனுடைய வேலை.

இப்போது ஒரு பெரிய வாடிக்கையாளர் வந்திருக்கிறார். ஒரே மெஷினில் ஒரு லட்சம் இன்டர்ஃபேஸ் வேண்டும், குளியல் கிளியல் எதுவும் கூடாது, வருஷக்கணக்கில் ஓட வேண்டும் என்கிறார். அதற்காகப் பூட்டக்கா ஒரு சோதனை மெஷினை நாலு நாளாக அணைக்காமல் விட்டு, இன்டர்ஃபேஸ்களைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை முற்பகல், பாதி குடித்த காபி பக்கத்தில் இருந்தது. நீக்குவதை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுச் சேர்த்துக்கொண்டே போனாள். எண்கள் அறுபத்தைந்தாயிரத்தைத் தாண்டின.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த எண்கள் டோக்கன் மாதிரி. போனவரின் எண்ணை வந்தவருக்குக் கொடுப்பதில்லை, ஏறிக்கொண்டேதான் போகும். மெஷினை அணைத்தால்தான் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். மாதாமாதம் குளித்த மெஷின்கள் எதுவும் இந்த இரண்டு வருஷத்தில் இவ்வளவு பெரிய எண்ணைக் கண்ணால் பார்த்ததில்லை.

திரையில் 65541 வந்தது. அந்த எண்ணை அவள் மறப்பாளா? சும்மாதான் தட்டினாள். அண்ணன் சொன்னது பொய் என்று தனக்குத்தானே இன்னொரு தடவை நிரூபித்துக்கொள்ளத்தான் தட்டினாள் என்றும் சொல்லலாம். நீக்கு, 65541.

பதிவில் ஒரு வரி விழுந்தது: ‘நீக்கப்பட்டது: 5’.

கை தவறித் தட்டிவிட்டோமோ என்று அவளுக்கும் தோன்றியதுதான் கொடுமை. மெஷினை அணைத்து முதலிலிருந்து ஆரம்பித்து, எதையும் நீக்காமல் சேர்த்துக்கொண்டே போய், சாயங்காலம் நாலு மணிக்கு அதே எண்ணுக்கு வந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். ஆறு, அஞ்சு, அஞ்சு, நாலு, ஒண்ணு. போனது ஐந்துதான்.

எங்கே தேட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தச் சீட்டு! வரிசையில் போடுகிற சீட்டைச் சின்னதாக்கினால்தான் வேகம் கிடைக்கும் என்று அதில் எண்ணுக்கு நாலு பைட் இருந்த இடத்தை இரண்டாக்கியிருந்தாள். இரண்டு பைட்டில் 65535 வரைதான் அடங்கும். அதற்கு மேல் போனால், பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் எண்கள் சுற்றி முடித்துத் திரும்பப் பூஜ்யத்துக்கு வருகிற மாதிரி, மறுபடி முதலிலிருந்து. 65541 உள்ளே போனால் 5 ஆகத்தான் வெளியே வரும். பதிவை எழுதுவதும் அதே சீட்டைப் பார்த்துத்தான். அதாவது அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொன்னது கெர்னல் இல்லை, இவள் எழுதிய சீட்டு. ஒன்பதாயிரம் இன்டர்ஃபேஸ்தானே இருக்கிறது, எண் எங்கே அவ்வளவு தூரம் ஏறப்போகிறது என்று அன்றைக்கு அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதிவைத்திருந்தாள்: ‘தாராளமாகப் போதும்.’

கெர்னல் பொய் சொல்லாது என்று மூணே மூணு வார்த்தை பேசி அந்த மனுஷனைக் குழியில் தள்ளினோமே என்று அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது என்ன ஆகப்போகிறது? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டை நாலாக மாற்றினாள். ஒரே ஒரு எழுத்தைத் திருத்துகிற வேலைதான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் எதுவானாலும் அதன் அடியில் இரண்டு வரி எழுத வேண்டும். எந்தப் பழைய மாற்றத்தில் இருந்த பிழை இது என்று ஒரு வரி. அந்தப் பிழையை முதலில் சொன்னவர் யார் என்று இன்னொரு வரி. முதல் வரியில் தன் பெயர் இருக்கிற மாற்றத்தைப் போட்டாள். இரண்டாவதில், ‘பிழையைச் சொன்னவர்’ என்பதற்கு எதிரே, அண்ணனின் பெயரை முதலெழுத்தோடு முழுசாக எழுதினாள்.

மறுநாள் காலை மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். அவளைவிட ஆறு வயது சின்னவர், நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களிடம்தான் இந்தக் காலத்தில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியிருக்கிறது.

“அக்கா, திருத்தம் பிரமாதம். இன்னிக்கே சேத்துடலாம். அடியில இருக்கற அந்த ரெண்டு வரிய மட்டும் எடுத்துடுங்களேன்.”

“வழக்கம் அதானே?”

“வழக்கம்தான், யாரு இல்லன்னா? ஆனா அந்த ஆம்புலன்ஸ் கேஸ் மூடியாச்சு. ஆபரேட்டர் தப்புன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. இப்ப கெர்னல்லதான் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா என்ன ஆகும்? கம்பெனியே இருக்காது.”

“அவன் வேலை போச்சே.”

“அவர் இப்ப கேக்கறாரா? அவரே ஒத்துக்கிட்டாரே அக்கா. அந்த லெட்டர் நீங்க எழுதினதுன்னு அப்ப எல்லாரும் சொன்னாங்க.” அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நினைவு வந்தது, சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் தைத்தது.

தலைப்பைக்கூட அவரே யோசித்துவைத்திருந்தார்: ‘பெரிய எண்களைக் கையாள்வதில் சிறு மேம்பாடு.’ அவள் வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேட்டாள். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இரண்டு வரியோடு பத்திரிகை வரைக்கும் கொண்டுபோய்விடுவது என்று தீர்மானித்திருந்தாள். போகிற வேலை தன்னுடையதுதானே, போகட்டும்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடி. கீழேயே அவனைப் பார்த்தாள். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தான். இப்போது மரச்சாமான் கிடங்கில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான். எண் தட்டுகிற வேலை எதுவும் வேண்டாம் என்று தேடிப் பிடித்த வேலை. லிஃப்ட் காலியாக நின்றது. அவன் படிக்கட்டுப் பக்கம் திரும்பினான்.

“லிஃப்ட்ல போலாமேண்ணா.”

“நீ போ. நான் பொத்தான் எதுவும் அமுக்கறதில்ல” என்றான். ஜோக் மாதிரி சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவளும் பின்னாலேயே படி ஏறினாள்.

அண்ணி கதவைத் திறந்தாள். வா என்றாள், அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வீட்டில் போன் இருக்கிற இடம் சமையலறை இழுப்பறை. அந்தக் காலைக்குப் பிறகு அண்ணி யாருக்கும் போன் செய்ததில்லை. பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட இரண்டு பஸ் மாறி நேரில் போய்த்தான் பார்த்தாள். நான் அன்றைக்குக் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவாள். இரண்டு வருஷமாக அந்த வாக்கியத்தை முடித்ததே இல்லை.

பூட்டக்கா பையிலிருந்து அச்செடுத்த காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுற்றி வளைக்கவில்லை. சுற்றி வளைக்க அவளிடம் தெம்பும் இல்லை.

“அண்ணா, அன்னிக்கு நீ தப்பு பண்ணல. நீ சரியாத்தான் தட்டின. தப்பு நான் எழுதின வரியில. நீ அறுபத்தஞ்சாயிரத்து ஐந்நூத்தி நாப்பத்தொண்ணு குடுத்திருக்க, என் சீட்டு அத அஞ்சாக்கிடுச்சு. நேத்து நானே தட்டிப் பாத்தேன். ரெண்டு தடவ.”

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அண்ணி வாசற்படியில் வந்து நின்றாள்.

அண்ணன் காகிதத்தை எடுக்கவில்லை. அதில் இருந்த எண்களைப் பார்க்கக்கூட இல்லை. “இல்லம்மா” என்றான், சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாக. “நான்தான் அஞ்சைத் தட்டினேன். எனக்குத் தெரியும்.”

“அண்ணா, நீதானே அப்ப இல்லவே இல்லன்னு சொன்ன?”

“அப்ப பயத்துல சொல்லியிருப்பேன். அப்புறம் உக்காந்து யோசிச்சுப் பாத்தேன். மாசக்கணக்கா யோசிச்சேன். ஞாபகம் வந்துடுச்சு. இந்த விரல்” என்று வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினான். “இது அஞ்சு மேல போய் விழுந்தது. அந்தச் சத்தம்கூட எனக்குக் கேக்குது.”

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் சரியான விடை கையில் இருக்கும்போது வாயை மூடிக்கொள்ள அவளுக்குத் தெரியாது, பிழைப்பே அதுதானே. “அந்த நம்பர்லயே ரெண்டு அஞ்சு இருக்குண்ணா” என்றாள். “ஆறு, அஞ்சு, அஞ்சு, நாலு, ஒண்ணு. நீ அஞ்சைத் தட்டினது உண்மைதான்.”

அண்ணன் தூக்கிய விரல் அப்படியே நின்றது. உதடு அசைந்தது. பிறகு கையைக் கீழே இறக்கி இன்னொரு கையால் மூடிக்கொண்டான்.

“நான் அந்தப் பெயின்டர் வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியுமா?” என்றான். “போய், நான்தான்மா அதுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம் தண்ணி கொண்டுவந்து குடுத்துச்சு. குடிச்சுட்டுப் போங்கன்னுச்சு. அந்தத் தண்ணியக் குடிச்சதுக்கு அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.”

அண்ணி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அப்ப நான் போன் பண்ணது?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணி.”

“சம்பந்தமே இல்ல” என்று அண்ணி திருப்பிச் சொன்னாள். “சாகறதுக்கு முன்னாடி எங்கம்மா குரலக்கூட நான் போன்ல கேக்கலடி. ரெண்டு வருஷம். நீ வந்து சம்பந்தமே இல்லங்கற.” சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பூட்டக்கா காகிதத்தின் அடிப்பகுதியை அண்ணன் பக்கம் திருப்பி வைத்தாள். “இதப் பாரு. பிழையச் சொன்னவர்னு உன் பேரப் போட்டிருக்கேன். கம்பெனில எடுக்கச் சொல்றாங்க. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் எடுக்க மாட்டேன். பத்திரிகைக்குப் போறேன், கோர்ட்டுக்குப் போறேன், என் வேலை போனாலும் பரவாயில்ல. உன் பேரு வரணும்ணா.”

அவன் இப்போது அந்த வரியைப் படித்தான். தன் பெயரை யாரோ தெரியாதவருடைய பெயரைப் படிக்கிற மாதிரி படித்தான்.

“இது நான் இல்லையே” என்றான். “நான் எங்க பிழையச் சொன்னேன்? நான் ஒத்துக்கிட்டேன்ல. நீதானே எழுதிக் குடுத்த.”

மன்னிச்சிடுண்ணா என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அதற்குள் அவன் எழுந்து காகிதத்தை மடித்து அவள் பையிலேயே திருப்பி வைத்தான். “எடுத்துடு. பஸ் கூட்டமாயிடும், கெளம்பு” என்றான். கோபம் இருந்திருந்தால்கூட அவள் பிழைத்துப் போயிருப்பாள்.

பஸ் நிறுத்தத்தில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி எண்ணைச் சொல்ல இன்னொருத்தி செல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு பஸ் வந்து போயிற்று. திருத்தியது ஒரு எழுத்து. இந்த மனுஷனுக்குள் போய் எந்த எழுத்தைத் திருத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். அண்ணி.

இரண்டு வருஷத்தில் முதல் அழைப்பு. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு மனசு லேசானது. அண்ணியாவது மீண்டுவிட்டாள் என்று நினைத்துவிட்டாள்.

“நீ எங்க இருக்க?” அண்ணியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. “திரும்பி வா. உங்கண்ணன் மேசைல உக்காந்து வெறும் பலகைமேல விரலால தட்டிக்கிட்டிருக்கார். கூப்பிட்டா திரும்பல. முதல்ல அஞ்சைத் தட்டறார். அப்புறம் ஆறு, அஞ்சு, அஞ்சு, நாலு, ஒண்ணு. மறுபடியும் வெறும் அஞ்சு. எது நான் தட்டினது, எது நான் தட்டினதுன்னு என்னையே கேக்கறார். நான் என்னன்னு சொல்லட்டும்?”

போனுக்குள் அண்ணியின் மூச்சுக்குப் பின்னால் அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. எத்தனை தட்டு என்று அவள் எண்ணத் தொடங்கினாள்.